பிடில் காணாமல் போன பாட்டு

அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. ராய்ஸ் பீன்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம். சமையலறைக் கதவோரம் ஆணியில் அவனுடைய கோட்டு தொங்கியது. கோட்டுக் காலரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மஞ்சள் கருவி. விஷவாயு வந்தால் கத்தும். பேட்டரி தீரப்போனாலும் கத்தும். அன்று பேட்டரி. கீச், கீச், கீச் என்று ஊசியால் குத்துகிற மாதிரி ஒரு சத்தம். நாலு வீடு தள்ளி இருக்கிற நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கும்.

நெல்டா கரண்டியும் கையுமாக அடுப்புப் பக்கம் நின்றாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். அவன் சோள ரொட்டியைப் பிட்டு, பீன்ஸ் சாற்றில் முக்கி, நிதானமாக மென்றான்.

ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஏழு நிமிடம்.

"வெங்காயம் பத்தலே இன்னிக்கு," என்றான் ராய்ஸ்.

பதினோராவது நிமிடம் அவளால் தாங்க முடியவில்லை. போய்க் கருவியின் பொத்தானை அமுக்கினாள். சத்தம் நின்றது. ராய்ஸின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவனுக்கு அது தொடங்கவும் இல்லை, நிற்கவும் இல்லை.

அவன் முன்னால் வந்து நின்று, முகத்துக்கு நேராகச் சொன்னாள். "உன் கருவியில பேட்டரி தீர்ந்துபோச்சு. ஆபீஸ்ல மாத்திக்கோ."

"அப்படியா? நேத்துதானே மாத்தினேன்," என்றான். டீயைக் குடித்தான். கோட்டையும் தொப்பியையும் மாட்டினான். போய்விட்டான்.

நெல்டா பாத்திரத்தைத் தொட்டியில் போட்ட வேகத்தில் கைப்பிடி உடைந்தது.

*

மேற்கு டெக்ஸஸில் எங்கள் பக்கத்தில் எண்ணெய்க் கிணறு பார்க்கிற வேலை தனி ஆள் வேலை. விடிவதற்கு முன் பிக்கப்பை எடுத்தால், முப்பத்தெட்டுக் கிணறு, ஒன்பது எண்ணெய்த் தொட்டி, தொண்ணூறு மைல் மண் சாலை. கூட வருவது ரேடியோ மட்டும். ஒவ்வொரு கிணற்றடியிலும் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஒரு நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கேட்கத்தான். தலையாட்டிக்கொண்டு எண்ணெய் இறைக்கிற அந்த இரும்பு எந்திரம் எப்படி மூச்சு விடுகிறது, பெல்ட் வழுக்குகிறதா, பேரிங் அழுகிறதா, எல்லாம் காதுதான் சொல்லும்.

அதனால்தான் எங்கள் ஆட்கள் காதில் பஞ்சு வைப்பதில்லை. கம்பெனி பை பையாக ஆரஞ்சு நிறக் காதடைப்பான் கொடுக்கும். அது வண்டியின் முன்பெட்டியில் கிடந்து காய்ந்துபோகும். காதை அடைத்துக்கொண்டு கிணறு பார்க்கிறவனைக் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவன் மாதிரிதான் பார்ப்பார்கள். கம்ப்ரஸர் கொட்டகைக்குள் நின்றால் பல் ஆடும், அங்கேயும் வெறுங்காதுதான். முப்பத்தோரு வருஷம் ராய்ஸ் அப்படித்தான் நின்றான்.

"பதினாலாம் நம்பர்ல நட்டு ஒண்ணு லூஸா இருக்கு," என்று சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே சொல்லுவான். போய்ப் பார்த்தால் இருக்கும். அது அவனுடைய பெருமை. அது மட்டும்தான் அவனுடைய பெருமை.

போன மாதம் அதே பதினாலாம் நம்பரில் பெல்ட் இரண்டு நாள் கிறீச்சிட்டு, புகைந்து, அறுந்து, எந்திரம் நின்றது. மேஸ்திரி வேட் வந்து கேட்டான். "எந்தப் பயலோ வந்து நோண்டியிருக்கான்," என்றான் ராய்ஸ். வேட் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

அதற்கு முன்னாலேயே பாட்டில் பிடில் காணாமல் போயிருந்தது.

"இந்த ஸ்பீக்கரெல்லாம் செத்துப்போச்சு நெல்டா," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் வழியில் சொன்னான். "டிரம் கேக்குது, கிட்டார் கேக்குது, பாடறவன் வாயில துணியை வெச்சுக்கிட்டுப் பாடறான். பிடிலைக் காணோம். புழுதி ஏறி அட்டை இத்துப்போச்சு."

நெல்டாவுக்குப் பிடில் நன்றாகவே கேட்டது. சொல்லவில்லை. சத்தம்தான் அதிகம் என்று தோன்றியது. குறைத்தாள். அவன் திரும்பவும் கூட்டினான்.

முதலில் பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரையும் மாற்றினான். பிடில் வரவில்லை. இப்போது முன்கதவு இரண்டுக்கும் பெரிய ஸ்பீக்கர், அதோடு கண்ணாடி மூலைக்கு இரண்டு ட்வீட்டர் வரவழைத்திருந்தான். ட்வீட்டர் என்றால் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. கீச்சுக் குரலை மட்டும் பிரித்துத் தருவதற்கென்றே செய்தது.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது.

*

மார்ச் மாதக் காற்று. வானம் செங்கல் நிறம். நெல்டா எல்லாக் கதவுக்கடியிலும் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்திருந்தாள். அப்படியும் மேஜையில் விரலால் பேர் எழுதலாம். வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட வண்டி நிறுத்துமிடம். மூன்று பக்கமும் தடுப்பு இருந்ததால் அங்கே மட்டும் காற்று ஓய்ந்திருந்தது.

அவளுடைய தம்பி லானி வந்தான். டயர் கடையில் வேலை. வாய் ஓயாது. கையில் துளைபோடும் கருவி, பையில் பீர்.

"என்ன ராய்ஸ், வண்டியை ஆட்டக் கொட்டகையா மாத்தப் போறியா? இந்த வயசுல உனக்கு எதுக்குய்யா இவ்ளோ பெரிய ஸ்பீக்கர்? எந்தப் பொண்ணு ஏறப் போறா?"

ராய்ஸ் அவன் வாயையே பார்த்தான். பிறகு சிரித்தான். "உங்க அக்கா ஏறுவா. வேற எவ ஏறினாலும் கீழ தள்ளிட்டு ஏறுவா."

எதிரில் நின்று பேசினால் அவன் பழைய ராய்ஸ்தான். பதில் டக்கென்று வரும்.

கைப்பிடிக் குழிக்குள் ஒளிந்திருக்கிற இரண்டு திருகாணியைக் கழற்றினான். கதவுப் பலகையின் அடியில் தகடு கொடுத்து நெம்பினான். பட் பட் என்று கிளிப்புகள் கழன்றன. பலகையை மேலே தூக்கி எடுத்தான். உள்ளே கறுப்புப் பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள். அதைக் கிழிக்காமல் உரிக்க வேண்டும். கிழிந்தால் மழைத்தண்ணீர் காலடியில் வந்து நிற்கும். உரித்தான். அதில் அவன் கை சுத்தம்.

பழைய ஸ்பீக்கரை ரிவெட் அடித்து வைத்திருந்தார்கள். லானி நாலையும் துளைபோட்டு எடுத்தான். ஸ்பீக்கர் கையில் வந்தது. விளிம்பு ரப்பரில் செம்மண். அட்டையில் விரலை வைத்து அமுக்கிப் பார்த்தான் லானி. கிழிசல் இல்லை, விரிசல் இல்லை.

"ராய்ஸ், இது நல்லாத்தானே இருக்கு?" தனக்குள் முனகினான். குனிந்து முனகினதால் அது ராய்ஸிடம் போகவே இல்லை.

புது ஸ்பீக்கர் கனம். பின்பக்கக் காந்தம் ஷூ பாலிஷ் டப்பா மாதிரி தடிமனாக இருந்தது. பெட்டிக்குள் ஒரு கறுப்பு வளையம் தனியாகக் கிடந்தது. ராய்ஸ் அதை வைத்துப் பார்த்தான். வளையத்தோடு மாட்டினால் ஸ்பீக்கர் வெளியே துருத்தியது. கதவுப் பலகை உட்காரவில்லை. வளையத்தைத் தூக்கிக் குப்பை டிரம்மில் போட்டான்.

லானி வண்டியின் அந்தப் பக்கம் ட்வீட்டருக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தான். அங்கிருந்தே குரல் கொடுத்தான். "ராய்ஸ்! பலகையை மூடறதுக்கு முன்னால கண்ணாடியை ஒரு தடவை இறக்கிப் பாத்துக்கோ. காந்தம் இடிச்சாலும் இடிக்கும்."

"ஆமா, ஆமா," என்றான் ராய்ஸ்.

இரண்டு வருஷமாக அவன் வாயில் இருக்கிற பதில் அதுதான். யார் என்ன கேட்டாலும் ஆமா, ஆமா. சர்ச்சில் பாதிரியார் கேட்டாலும், பேரப்பிள்ளை போனில் கேட்டாலும், நெல்டா படுக்கையில் கேட்டாலும். ஒருமுறை வேட் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதற்கும் அதே பதில்.

பலகையை மூடினான். திருகாணியை முடுக்கினான்.

*

பத்தரை மணிக்குப் பாட்டு வைத்தார்கள்.

லானிதான் வயரின் கடைசி முடிச்சைப் போட்டான். ராய்ஸ் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, சி.டி.யைச் செருகினான். பழைய நடனப் பாட்டு. ஆரம்பமே பிடில். அவனும் நெல்டாவும் கல்யாணத்தன்று ஆடிய பாட்டு அது.

லானி முகம் மலர்ந்தான். "அடேயப்பா! என்னா தெளிவு! வாசிக்கிறவன் என் மடியில உக்காந்திருக்கான்யா!"

ராய்ஸ் முகம் மலரவில்லை. குமிழைத் திருகினான். இன்னும் திருகினான். கீச்சுச் சுருதியைக் கூட்டுகிற பட்டியைக் கடைசி வரை தள்ளினான்.

பிடில் ரம்பமாக மாறியது. தகரக் கூரை அதிர்ந்தது. லானி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கி ஓடினான். நாலு வீடு தள்ளி நாய் ஊளையிட்டது. எதிர்வீட்டில் நான் என் வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நெல்டா கை மாவோடு சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"வரலே!" ராய்ஸ் கத்தினான். "ஒண்ணுமே வரலே! டப்பா! எல்லாம் டப்பா! ட்வீட்டர் வேலையே செய்யலே!"

லானி ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டிச் சத்தத்தை அணைத்தான். கண்ணில் தண்ணீர்.

"வேலை செய்யலியா? என் மூளையை ரெண்டா அறுத்துட்டுப் போச்சுய்யா! நாய் ஊளை விடுது, உனக்குக் கேக்கலியா?"

"டேய், நீ வயரை மாத்திக் குடுத்திருக்கே. எனக்குத் தெரியும். டயருக்குக் காத்தடிக்கிற பயலை நம்பி வயரைக் குடுத்தேன் பாரு."

"நானா மாத்திக் குடுத்தேன்? நீயே வந்து பாரு! சிவப்புல சிவப்பு, கறுப்புல கறுப்பு!"

"வித்தவன் திருடன். நீ மடையன். எனக்குன்னு வாய்ச்சது எல்லாம்..."

"ராய்ஸ்," என்றாள் நெல்டா. பின்னால், வண்டியின் வால்பக்கம் நின்றிருந்தாள்.

அவன் திரும்பவில்லை. கதவை அறைந்து சாத்தினான். இப்போது நெல்டா பின்னால். லானி சாலைப் பக்கம் ஒதுங்கி நின்று காதைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பாட்டு இல்லை. காற்றும் அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. லானியை இன்னும் நாலு திட்டுத் திட்டுவதற்காக ராய்ஸ் ஜன்னல் பொத்தானை அமுக்கினான். மிச்சம் இருந்த பாதிக் கண்ணாடி இறங்கத் தொடங்கியது.

கர்ர்ர்ர்ரீச்.

கண்ணாடியின் அடிவிளிம்பு காந்தத்தில் ஏறிய சத்தம். கரும்பலகையில் நகத்தால் கீறுகிற மாதிரி. எனக்கு முதுகெலும்பு கூசியது.

"நிறுத்து!" என்றாள் நெல்டா.

"ராய்ஸ்! விடு, விடு, விடு! கண்ணாடி!" லானி கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

ராய்ஸ் குனிந்து பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ இடிக்கிறது என்று அவன் விரலுக்குத் தெரிந்தது. இன்னும் அழுத்தினான். கண்ணாடி வளைந்தது. கிறீச்சென்று அலறியது. மூன்று வினாடி. நாலு வினாடி. நெல்டாவின் குரல் உடைந்தது. "நிறுத்துடா பாவி!"

டப்.

கண்ணாடி முழுவதும் கல்கண்டாகச் சிதறி அவன் மடியில் கொட்டியது.

*

 ராய்ஸின் தாடையில் ஒரு கீறல். ஒரு சொட்டு ரத்தம். கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். கண்ணாடித் துண்டுகள் சிமென்ட் தரையில் கலகலவென்று உருண்டன.

"ரெண்டு பேரும் மரம் மாதிரி நிக்கறீங்களே!" என்றான். "இடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஏன் யாருமே கத்தலே?"

லானி வாயைத் திறந்தான். மூடினான். அக்காவைப் பார்த்தான். அவன் வாய் அடைத்துப்போய் நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"நாங்க கத்தினோம் ராய்ஸ்," என்றாள் நெல்டா.

"எப்போ?"

"இப்போ. நான் மூணு தடவை. அவன் நாலு தடவை. எதிர்வீட்டுல கேட்டுது."

"பாட்டு ஓடிட்டிருந்தது."

"பாட்டை அவன் அணைச்சாச்சு."

"கதவு சாத்தியிருந்தது."

"கண்ணாடி பாதி திறந்திருந்துது! உன் காதுக்கும் அந்தக் கண்ணாடிக்கும் ஒரு முழம்கூட இல்லே! அது அலறுச்சு ராய்ஸ். எனக்குப் பல்லு கூசுது இன்னும். உனக்கு என்ன கேட்டுது? சொல்லு. என்ன கேட்டுது?"

ராய்ஸ் தாடையைத் துடைத்துக்கொண்டான். "ஏதோ கேட்டுது."

"பொய்."

"பொய்யா? யாரைப் பார்த்துப் பொய்ங்கறே?"

"உன்னைப் பார்த்துத்தான். ஸ்பீக்கர் மேல பழி. வித்தவன் மேல பழி. என் தம்பி மேல பழி. பெல்ட் அறுந்ததுக்கு எவனோ வந்து நோண்டினானாம். யாருய்யா வந்தான்? அந்தப் பொட்டக்காட்டுல நரிதான் வரும். நரியா வந்து பெல்ட்டை அறுத்துது?"

"நெல்டா, வேணாம்."

"செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுக்கிட்டு இருந்தியே. உன் கோட்டுல அலாரம் அடிச்சுது. பதினோரு நிமிஷம். நான் எண்ணிக்கிட்டே நின்னேன். நீ வெங்காயம் பத்தலேன்னே."

அவன் முகம் சிவந்தது. கழுத்து சிவந்தது. "அது அதிரும். கத்தறது மட்டும் இல்லே, அதிரும், வெளிச்சம் அடிக்கும். தெரியாம பேசாதே."

"எது மேல அதிரும்? சட்டை, அதுக்கு மேல தடிக் கோட்டு, அதுக்கு மேல காத்து. தொட்டி மேல ஏணியில நிக்கறே. இந்தக் காத்துல உன் சட்டை முழுக்க அதிருது. வெளிச்சம் உன் தாடைக்குக் கீழ அடிக்குது. உன் தாடைக்குக் கீழ உனக்குக் கண்ணு இருக்கா?"

"முப்பத்தோரு வருஷம்..."

"எண்ணெய் அளவு பாக்க மூடியைத் திறக்கறே. வாயு வருது. முதல்ல அழுகின முட்டை நாத்தம். அதிகமாச்சுன்னா மூக்கு செத்துடும், நாத்தமே தெரியாது. இதை எனக்குச் சொன்னவனே நீதான்! கல்யாணம் ஆன புதுசுல, அந்த மேஜையில உக்காந்து சொன்னே. மூக்கு போனா காதுதான்னு சொன்னே. இப்போ காதும் இல்லேன்னா என்ன ராய்ஸ் இருக்கு உனக்கு? இருபதடி உயரத்துல தனியா நிக்கறே. விழுந்தா யாரு பாப்பா? சாயங்காலம் நான் போன் அடிச்சு, நீ எடுக்கலேன்னு வேட் வண்டியில வந்து பாப்பான்."

"அக்கா, மெதுவா," என்றான் லானி.

"எதுக்கு மெதுவா? மெதுவாச் சொன்னா இவனுக்குக் கேக்குமா?"

அந்த வார்த்தை போய்ப் பட்டது. ராய்ஸ் கையிலிருந்த திருப்புளியை வீசினான். அது தகரத் தடுப்பில் மோதி விழுந்தது.

"அப்போ என்ன பண்ணச் சொல்றே? வேட்கிட்ட போய், எனக்குக் காது போச்சுன்னு சொல்லவா? என்னை என்ன பண்ணுவான் தெரியுமா? கேட் கூண்டுல உக்கார வெப்பான். வர்ற லாரி நம்பரை எழுதச் சொல்லுவான். அந்த ஹோமர் உக்காந்திருக்கானே, மூக்குல டியூப்போட, அவன் பக்கத்துல. பதினெட்டு வயசுப் பயலுக கையாட்டிட்டுப் போவானுங்க. என் கிணத்தை எல்லாம் எவனோ ஒரு முட்டாள், காதுல ஆரஞ்சுப் பஞ்சை வெச்சுக்கிட்டுப் பாத்துட்டு வருவான். நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"சரி."

"என்ன சரி?"

"செத்தாலும் சொல்ல மாட்டேன்னு சொன்னியே. அது எனக்குக் கேட்டுது. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

"திங்கக்கிழமை நான் வேலைக்குப் போவேன்."

அவன் வண்டியின் அந்தப் பக்கம் போனான். லானி கையிலிருந்து வயர் வெட்டும் கருவியைப் பிடுங்கினான். ஆரம்பித்த வேலையை முடிக்காமல் அவன் எப்போதும் எழுந்ததில்லை. முழங்காலிட்டு, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்து, வலப்பக்கத்து வயரை இழுக்கத் தொடங்கினான். இழுத்த இழுப்பில் கோபம் தெரிந்தது. வயர் மேல் அப்படி என்ன பகை என்று கேட்கத் தோன்றும்.

நெல்டா கையிலிருந்த மாவைப் பாவாடையில் துடைத்தாள். பையிலிருந்து போனை எடுத்தாள்.

லானி தலையை ஆட்டினான். வேண்டாம் என்று உதட்டை அசைத்தான்.

அவள் உள்ளே போகவில்லை. தெருப்பக்கமும் போகவில்லை. ராய்ஸின் பூட்ஸ் பாதத்துக்கு நாலடி தள்ளி நின்றாள். எண்ணை அழுத்தினாள். சாதாரணக் குரலில், கடையில் பால் விலை கேட்கிற குரலில் பேசினாள்.

"வேட்? நான் நெல்டா பேசறேன்."

"சொல்லுங்கம்மா. எல்லாம் சௌக்கியமா?"

"இல்லேப்பா. ராய்ஸுக்குக் காது போச்சு. சுத்தமா இல்லே, ஆனா கீச்சுச் சத்தம் எதுவும் விழலே. அலாரம் விழலே. நானே பாத்தேன். தனியா அனுப்பாதே அவனை."

 "அவருக்குத் தெரியுமாம்மா, நீங்க கூப்பிடறது?"

நெல்டா குனிந்து பார்த்தாள். பிக்கப்புக்கு வெளியே இரண்டு பூட்ஸும் அவன் பின்பக்கமும் மட்டும் தெரிந்தன. அவன் வயரைப் பல்லால் உரித்துத் துப்பினான்.

"பக்கத்துலதான் இருக்கான்," என்றாள். "நான் சொல்றதை அவன் முன்னாலதான் சொல்லிட்டிருக்கேன்."

லானி தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான்.

"பதினாலாம் நம்பர்லயே எனக்குச் சந்தேகம் வந்துதும்மா," என்றான் வேட். "கேக்க பயமா இருந்துது. அவர்கிட்ட யாரு போய்க் கேக்கறது?"

"கேக்காம விட்டியே. அவன் தொட்டி மேலேருந்து விழுந்திருந்தா, எனக்குப் பூங்கொத்து அனுப்பியிருப்பே. அதுக்கு மட்டும் பயம் இருக்காது, இல்லே?"

"அம்மா..."

"எத்தனை வருஷமா அந்தக் கம்ப்ரஸர் கொட்டகைக்குள்ள நிக்கறான்? ஒருத்தனாவது இழுத்துப் பிடிச்சுக் காதைச் சோதிச்சீங்களா? பஞ்சைக் குடுத்துட்டுக் கையைக் கழுவிட்டீங்க. அதை எவனும் வெக்கறதில்லேன்னு உனக்கும் தெரியும், உனக்கு மேல இருக்கறவனுக்கும் தெரியும்."

 வேட் மெதுவாகச் சொன்னான். திங்கட்கிழமை அவர் கிணற்றுக்குப் போக வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு ஊருக்குள் ஆஸ்பத்திரியில் காது சோதனை. காதுக் கருவி மாட்டினால் இன்னோர் ஆளைக் கூடப் போட்டு அனுப்பலாமா என்று மேலே கேட்டுப் பார்க்கிறேன். தனியாக மட்டும் இனி இல்லை.

நெல்டா போனை வைத்தாள்.

டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ராய்ஸின் குரல் வந்தது. "போன்ல யாரு நெல்டா, உங்க அக்காவா? முணுமுணுன்னு கேட்டுது. என்னைப் பத்தித்தானே வத்தி வெச்சே?"

லானியின் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நெல்டா அவன் பெல்ட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவன் தடுமாறி உட்கார்ந்தான். அவள் அவனுக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள். முகத்துக்கு நேர் முகம்.

"வேட். நான் வேட்கிட்ட சொல்லிட்டேன். திங்கக்கிழமை கிணத்துக்கு வேணாம், காது டாக்டர்கிட்ட போகச் சொன்னான்."

அவன் அவள் உதட்டைப் பார்த்தான். திரும்ப ஒருமுறை பார்த்தான்.

"எனக்குத் தெரியாமலா?"

"உன் பக்கத்துல நின்னு சொன்னேன். இதோ, இங்க. என் கால் தடம் இருக்கு பாரு. ஒளியலே, குசுகுசுக்கலே. உன் பேரைச் சொன்னேன். காது போச்சுன்னு சொன்னேன். அலாரம் விழலேன்னு சொன்னேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் நீ என் கையிலேருந்து போனைப் பிடுங்கியிருப்பே."

"நீ மெல்லப் பேசியிருப்பே."

"லானி!" என்றாள் நெல்டா, கண்ணை எடுக்காமல்.

"இல்லே ராய்ஸ்," என்றான் லானி. முன்னால் வந்து நின்று, வாயை அகலத் திறந்து சொன்னான். "அக்கா எப்பவும் பேசற மாதிரிதான் பேசுச்சு."

ராய்ஸ் எழுந்தான். அவன் கண் ஈரமாக இல்லை; எரிந்தது. "எந்திரி. திரும்பி நில்லு. முகத்தைக் காட்டாதே. ஏதாவது சொல்லு. நான் சொல்றேன் நீ என்ன சொன்னேன்னு. சொல்லிட்டா, நீயே அவனுக்குப் போன் போட்டு, நான் பொய் சொன்னேன்னு சொல்லணும்."

"ராய்ஸ்..."

"திரும்புடி!"

நெல்டா எழுந்தாள். முதுகைக் காட்டி நின்றாள். எதிரில் செம்மண் வானம், என் வீடு, நான். அவள் என்னைப் பார்க்கவில்லை. சாதாரணக் குரலில் சொன்னாள்.

"நீ செத்துப்போனா இந்தக் காத்தோட நான் தனியா இருக்கணும். அதுக்கு நீ கூண்டுல உக்காந்து லாரி நம்பர் எழுதலாம், மூதேவி."

எனக்குக் கேட்டது. தெருவைத் தாண்டி.

ராய்ஸ் புருவத்தைச் சுருக்கினான். உதட்டை ஈரமாக்கிக்கொண்டான். முப்பத்தோரு வருஷம் எந்திரங்களின் மூச்சைக் கேட்டவன், மனைவியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அடுப்புல பாத்திரம் வெச்சிருக்கே," என்றான். "கருகிடப் போகுதுன்னே."

லானி வானத்தைப் பார்த்தான்.

நெல்டா திரும்பினாள். அதே வார்த்தைகளை, ஒன்றுகூட மாற்றாமல், அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள். மூதேவியையும் விடவில்லை. அவன் உதட்டைப் படித்தான். படித்து முடித்ததும் பிக்கப்பின் கதவில் முஷ்டியால் ஒரு குத்து குத்தினான். தகடு நெளிந்தது. இன்னொரு குத்து. மூன்றாவது குத்துக்குக் கை ஓங்கியது, அப்படியே நின்றது.

"அவன் கொட்டகை, அவன் கம்ப்ரஸர், அவன் தொட்டி," என்றான். "காது மட்டும் என்னுது."

"ஆமா," என்றாள் நெல்டா.  "அதையும் அவன்கிட்ட சொன்னேன்."

காற்று மறுபடியும் எழுந்தது. கூரைத் தகரம் படபடத்தது. ஜன்னல் இல்லாத கதவு வழியாகப் புழுதி இருக்கையில் இறங்கத் தொடங்கியது. லானி பழைய போர்வை ஒன்றைத் தேடிக்கொண்டு உள்ளே போனான். நெல்டா மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துக் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கத் தொடங்கினாள்.

ராய்ஸ் வீங்குகிற கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். 

"எத்தனை மணிக்கு?" என்றான் கடைசியில். குரலில் இன்னும் சண்டைதான். "திங்கக்கிழமை. அந்தக் காது டாக்டர்."

"ஒம்பது," என்றாள் நெல்டா, தலை நிமிராமல் பெருக்கிக்கொண்டே.

"என்ன?"

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். நிமிர்ந்தாள். மாவும் புழுதியும் ஒட்டிய இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு முன்னால் தூக்கி, ஒன்பது விரல்களைக் காட்டினாள்.